கோட்டான் கிட்டே வந்தபோது

ஸ்டுடியோக்காரருக்குப் பயம் என்பது காலையில் பல் துலக்குவது மாதிரி. அது இல்லாமல் ஒரு நாளும் தொடங்கியதில்லை. லிப்ட் என்றால் பயம். கட்டிப்போட்ட நாய் என்றால் பயம். கட்டிப்போடாத நாயின் சொந்தக்காரர் என்றால் அதைவிடப் பயம். குக்கர் விசிலடிக்கக் கொஞ்சம் தாமதித்தால் அடுப்படிப் பக்கமே போகமாட்டார். பிறந்தநாள் விழாக்களுக்குப் படமெடுக்கப் போனால், பலூன் கட்டியிருக்கும் மூலைக்கு முதுகைக் காட்டாமல் சுவரோரமாகவே நகர்ந்து வேலையை முடித்துவிட்டு வருவார். அவருக்குப் பிடித்தது பாஸ்போர்ட் படம்தான். ஒரு வெள்ளைத் திரை, ஒரு ஸ்டூல், அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆள். வாசல் நாலடி தூரத்தில்.

இப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, நதி கடலில் கலக்கும் இடத்துச் சேற்றுவெளியில், கரையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி, முழங்கால் வரை சேற்றோடு நடந்துகொண்டிருந்தார் என்றால் அதற்கு ஒரே காரணம்தான். அவருக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த மனிதரிடம் அவருக்கிருந்த பயம்.

அந்த மனிதர் அவருடைய மனைவியின் அண்ணன். ஏதோ ஒரு துறையில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று குடும்பத்தில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அங்கே அவருக்கு இரண்டு மேஜைகள் இருந்தன என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். ஓய்வு பெற்ற மறுமாதமே நீர்ப்பறவை நிழற்படக் கலைஞர் பேரவையைத் தொடங்கித் தானே தலைவரானார். பேரவையில் மொத்தம் பதினோரு பேர். ஒன்பது பேர் நிர்வாகிகள், மீதி இரண்டு பேர் ஆலோசகர்கள். வெறும் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லாத குறையைத் தலைவர் ஆண்டறிக்கையில் வருத்தத்தோடு குறிப்பிட்டிருந்தார். தங்கை புருஷனுக்குச் செயலாளர் பதவி. வேலை என்னவென்றால் முக்காலியைத் தூக்குவது.

அன்றைக்குத் தலைவர் போட்டிருந்த சட்டையில் பதினெட்டுப் பைகள். காடு மாதிரி இலை இலையாக அச்சடித்த துணி. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு புல்கூட இல்லாத அந்தச் சாம்பல் நிறச் சேற்றில், ஒரு சின்னத் தோப்பு தனியே கிளம்பி நடந்துபோவது போல அவர் போய்க்கொண்டிருந்தார். தோளில், தொடை பருமனுக்கு லென்ஸ் மாட்டிய கேமரா.

"மாப்ளே, அவனுங்க எத்தனை எடுத்தானுங்க?"

அவனுங்க என்றால் எதிர்ச் சங்கம். அதில் ஏழு பேர்.

"அஞ்சு, மச்சான்."

"அஞ்சு வகைப் பறவை. ஒரே படத்துல. அதுக்கு அவனுங்க போட்ட ஆட்டத்தைப் பார்த்தியா? பேனர் என்ன, பொன்னாடை என்ன! நாம ஆறு எடுக்கறோம். ஒரே சேத்துத் திட்டு, ஆறு வகை, ஒண்ணா மேயுது. நம்ம ஆண்டு விழா மேடைக்குப் பின்னாடி ஆளுயரத்துக்கு மாட்டறோம். அவனுங்க மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவானுங்க?"

"அது வந்து மச்சான்... தண்ணி..."

"தண்ணிக்கு என்ன?"

"எப்ப ஏறும்னு..."

தலைவர் நின்றார். ஏழாவது பையிலிருந்து தோல் அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்தார். அதில் கடல் ஏறி இறங்கும் ஓத நேரங்களை ஊதா மையில் தம் கைப்பட எழுதி, கீழே தாமே கையெழுத்தும் போட்டிருந்தார். "படி."

ஸ்டுடியோக்காரர் படித்தார். ஏற்றம், பதினொன்று இருபது.

"இப்ப மணி எட்டு. தண்ணி வர மூணு மணி நேரம் இருக்கு. நாம பத்தரைக்கெல்லாம் கிளம்பிடுவோம். பயந்து பயந்தே நீ இப்படி இளைச்சுப் போயிட்டே."

அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு பெண் வந்தாள். சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்குகிறவள். இடுப்பில் கூடை, கையில் சேற்றைக் கிளற ஒரு சின்னக் களைக்கொத்து. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் அதே மாதிரி கூடைகளோடு கரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். சேற்றுவெளியில் இருந்த அத்தனை மனிதர்களும் ஒரு திசையில் போக, இவர்கள் இரண்டு பேர் மட்டும் மறு திசையில் போய்க்கொண்டிருந்ததை ஸ்டுடியோக்காரர் அப்போதுதான் கவனித்தார். 

"எங்க சார் போறீங்க? நாங்களே திரும்பிட்டோம்."

"ஆய்வுப் பணி," என்றார் தலைவர்.

"பணி எல்லாம் சரிதான். ஓடையில தண்ணி வந்துடும்."

"பதினொண்ணு இருபதுக்கு," என்று தலைவர் நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

அவள் நோட்டைப் பார்த்தாள். பதினெட்டுப் பைகளையும் பார்த்தாள். இவ்வளவு படித்தவர்களிடம் என்ன சொல்வது என்று யோசித்த மாதிரி இருந்தது. "பார்த்துப் போங்க அண்ணே," என்று ஸ்டுடியோக்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். கூடப் போய்விடலாமா என்று அவர் கால்கள் அவரையே கேட்டன. தலைவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "முக்காலி!"

ஓடை என்பது சேற்றுவெளிக்கு நடுவே வளைந்து போகும் ஒரு பள்ளம். அதைத் தாண்டும்போது தண்ணீர் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஸ்டுடியோக்காரர் குனிந்து பார்த்தார். ஒரு காய்ந்த குச்சியோடு நுரை ஒன்று மெல்ல, அவசரமே இல்லாமல், கடலிலிருந்து கரைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைச் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

ஓடையைத் தாண்டி இருநூறு அடியில் திட்டு. கல்யாண மேடை அளவுக்கு, சுற்றியிருந்த சேற்றைவிட ஒரு முழம் உயரமாக இருந்தது. அதன் ஓரத்தில் ரப்பர் பாயை விரித்து, கடலைப் பார்த்துக் குப்புறப் படுத்து, மேலே மறைப்பு வலையை இழுத்து மூடிக்கொண்டார்கள். மூடுவதற்கு முன் தலைவர் ஒரு விரலை உயர்த்தினார்.

"விதி பதினாலு."

ஸ்டுடியோக்காரர் தலையாட்டினார். விதி பதினாலைத் தட்டச்சு செய்தவரே அவர்தான். படுத்தபின் பேசக்கூடாது. தலையைத் தூக்கக்கூடாது. திரும்பிப் பார்க்கக்கூடாது. தலைவர் கட்டைவிரலை உயர்த்தும் வரை உறுப்பினர் எவரும் எழுந்திருக்கக்கூடாது. இந்த விதி வரக் காரணமும் அவர்தான். போன வருஷம், தலைவர் ஒரு செங்கால் நாரையை முக்கால் மணி நேரம் குறிபார்த்து விரலை அழுத்தப்போன கணத்தில் செயலாளர் தும்மிவிட்டார். நாரை போயிற்று. அடுத்த பொதுக்குழுவில் பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கடிதம் வாசித்தார். வாசிக்கும்போதும் ஒரு தும்மல் வந்தது. அதையும் கூட்டக் குறிப்பில் ஏற்றினார்கள். அதை எழுதியதும் செயலாளர்தான்.

முதலில் ஒன்றும் இல்லை. தூரத்தில் அங்கங்கே புள்ளிகளாகப் பறவைகள். இந்த விஷயத்தில் ஸ்டுடியோக்காரருக்குக் கொஞ்சம் ஞானம் உண்டு. இலைச் சட்டை போட்டவர் பெயர்களை மனப்பாடம் செய்ததைப் போல இவர் பெயர்களைப் படிக்கவில்லை; அதுகள் நிற்கும் இடத்தைப் பார்த்து வைத்திருந்தார். நீளக் கால்காரர்களெல்லாம் தண்ணீருக்குள். மூக்கன் தொடைவரை நனைந்து, நேரான அலகை ஊசி போல இறக்கிக் குத்திக்கொண்டிருக்கும். அதற்கு இந்தப் பக்கம், கால் நனையும் ஆழத்தில் பவழக்காலி. ஓரத்து ஈரத்தில் கொசு உள்ளான், தையல் மெஷின் மாதிரி. சிப்பி ஓடு கிடக்கும் இடத்தில் கல்திருப்பி. காய்ந்த சேற்றில் உப்புக்கொத்தி, ஓடி ஓடி நிற்கும். எல்லாருக்கும் அப்பால், கொக்கி மாதிரி வளைந்த அலகோடு கோட்டான்; ராத்திரியில் அலறும் ஆந்தைக் கோட்டான் இல்லை, இது கடற்கரைக் கோட்டான். அதற்கு மனிதன் என்றாலே ஆகாது. இங்கே ஒருவன் சட்டைப் பொத்தானைப் போட்டால் அங்கே அது கிளம்பிவிடும். ஆக, ஆறும் ஆறு வீட்டுக்காரர்கள். ஒரே தெரு என்றாலும் ஒருவர் வாசலில் ஒருவர் மிதிப்பதில்லை. அதனால்தான் ஆறையும் ஒரே படத்தில் அடைப்பது லேசில் நடக்காத காரியம்.

எட்டு ஐம்பதுக்கு உப்புக்கொத்திகள் வந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஓடிவந்து, நின்று, ஓடிவந்து திட்டில் ஏறின. தலைவர் இடது கையில் ஒரு விரலைக் காட்டினார். ஒன்று.

அடுத்த ஐந்தாவது நிமிஷம் கொசு உள்ளான் கூட்டம் ஒன்று அப்படியே அள்ளிப் போட்டது போல வந்து இறங்கியது. இரண்டு. கல்திருப்பி நாலு. மூன்று. தலைவரின் கேமரா தடதடவென்று அடித்தது. அவருடைய காது மடல் சந்தோஷத்தில் சிவந்திருந்தது.

ஸ்டுடியோக்காரரின் கேமராவும் கையில்தான் இருந்தது. ஆனால் அவர் கவனமெல்லாம் வேறு எங்கோ போய்விட்டது. தொடைக்குக் கீழே ஜில்லென்று இருந்தது. முதலில் அவர் சந்தேகப்பட்டது தம்மைத்தான். ஐம்பத்திரண்டு வயதில், பேரவைத் தலைவரின் பக்கத்தில் படுத்துக்கொண்டு! மெல்லக் கையை விட்டுத் தடவி, விரலை மூக்கருகே கொண்டுவந்து பார்த்தார். கடல் வாசனை. அப்பாடா என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தார். பிறகுதான் அந்த நிம்மதியின் அர்த்தம் புரிந்தது.

பாயின் கால்மாட்டில் தண்ணீர்.

சொல்ல வேண்டும். ஆனால் விதி பதினாலு. ஒருவேளை சேற்றிலிருந்து ஊறிய ஈரமாக இருந்தால்? ஒருவேளை ஒன்றும் இல்லாததற்கு எழுந்து கத்தி, பறவைகளெல்லாம் பறந்து, படம் போய், எதிர்ச் சங்கம் சிரித்து, மறுபடி பத்துப் பேர் முன்னால் நின்று கடிதம் வாசித்து? நெஞ்சு படபடவென்று அடித்தது. அந்தச் சத்தத்துக்கே உப்புக்கொத்தி பறந்துவிடுமோ என்று அதற்கும் பயந்தார்.

சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த போன் அதிர்ந்தது. மனைவி. 'அண்ணன் மாத்திரை போட்டுக்கிட்டாரா?' என்று அனுப்பியிருந்தாள். உறைக்கு மேலாகவே கட்டைவிரலால் அவர் தட்டினார்: 'தண்ணி வருது.'

உடனே பதில் வந்தது: 'இங்கயும் வருது. மோட்டார் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை அதிசயமா வருது!'

அவர் போனைப் பைக்குள் திணித்துவிட்டார். விளக்கமாக எழுதலாம். எழுதினால் அவள் உடனே அண்ணனைக் கூப்பிடுவாள். அண்ணனின் போனில் ஒலிப்பது பேரவையின் கீதம், முழு வேகத்தில்.

பவழக்காலிகள் வந்தன. சிவப்புக் காலைத் தூக்கித் தூக்கி, சங்கடத்தோடு வருகிற விருந்தாளிகள் மாதிரி, உள்ளான்களுக்கு நடுவே வந்து நின்றன. நாலு. அதற்குப் பின்னாலேயே மூக்கன்கள். தண்ணீருக்குள் நிற்கவேண்டியவை திட்டின் மேல் ஏறி, ஒண்டிக்கொண்டு, கொசு உள்ளானின் தலைக்கு மேல் அலகை நீட்டி மேய்ந்தன. ஐந்து. எதிர்ச் சங்கத்துக்குச் சமமாகிவிட்டது. தலைவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

ஸ்டுடியோக்காரர் தம் வியூஃபைண்டர் வழியாகப் பார்த்தார்.  அழகான காட்சிதான். அத்தனை வகையும் தோளோடு தோள் உரசி, ஒரே இடத்தில் குத்தி மேய்கின்றன. ஆனால் அவர் கண் பழகியது முகங்களுக்கு. இருபத்தாறு வருஷமாக ஸ்டூலில் உட்காரவைத்த முகங்கள். விசாவுக்கு வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், நாளைக் காலை ஆபரேஷன் என்று வந்தவர்கள். சிரிக்கச் சொன்னால் சிரிப்பார்கள். கண் மட்டும் வாசலைப் பார்க்கும். இந்தப் பறவைகளும் அப்படித்தான் இருந்தன. இரண்டு குத்து, பிறகு தலையைத் தூக்கி ஒரு பார்வை. எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. இவருக்குப் பின்னால்.

ஏன் மூக்கன் மேட்டில் நிற்கிறது? அது நிற்கிற ஆழம் என்ன ஆயிற்று? ஆறு வீட்டுக்காரர்களும் ஏன் ஒரே வாசலில்?

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் விதிமீறல் என்பதைவிட, பார்த்தால் தெரிந்துவிடும் என்பதுதான் பயம்.

தலைவரின் காலணியை மெல்லத் தட்டினார். தலைவர் காலை உதறினார். மறுபடி தட்டினார். தலைவர் கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமலே, பல்லுக்கிடையில் காற்றாக, "ஒண்ணு... இன்னும் ஒண்ணே ஒண்ணு..." என்றார். விதி பதினாலைத் தலைவர் மீறலாம் என்பது விதி பதினைந்து.

அப்போது கோட்டான் வந்தது.

தாழப் பறந்து வந்து, ஒரு வட்டம் அடித்து, இறங்க இடம் தேடி, இறங்கியது. பத்தடி தூரத்தில். இவ்வளவு கிட்டத்தில் ஒரு கோட்டானை இரண்டு பேருமே வாழ்நாளில் பார்த்ததில்லை. அதன் கண்ணில் இருந்த ஈரம் தெரிந்தது. வலையையும் அதற்குள் இரண்டு மனிதத் தலைகளையும் அது நேராகப் பார்த்தது. பார்த்துவிட்டு, இன்னும் ஓரடி கிட்டே வந்தது.

ஆறு.

தலைவர் அழுதேவிட்டார். கன்னத்தில் தண்ணீர் வழிய வழிய விரலை அழுத்தினார். தடதட, தடதட, தடதட.

ஸ்டுடியோக்காரர் கேமராவைக் கீழே வைத்தார். இந்தப் பறவை அரை கிலோமீட்டரில் மனிதனைக் கண்டால் ஓடுவது. இது கிட்டே வருகிறது என்றால் இதற்கு மனிதன் மேலிருந்த பயம் போய்விட்டது. பயம் சும்மா போகாது. அது அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய ஒன்று வந்து இடத்தைக் கேட்டால்தான் போகும்.

அவர் வலையைக் கிழித்துக்கொண்டு எழுந்தார்.

"மச்சான்! எழுந்திருங்க! தண்ணி!"

நூற்றுக்கணக்கான இறக்கைகள் ஒரே நேரத்தில் அடித்தன. திட்டு காலியாயிற்று.

"அடப்பாவி!" தலைவர் மண்டியிட்டு எழுந்தார். முகம் கறுத்துவிட்டது. "அது தலையைத் திருப்பப் போச்சுடா! திருப்பியிருந்தா கண்ணுல வெளிச்சம் விழுந்திருக்கும்! உன்னைச் செயலாளர்னு வெச்சேனே, என்னை... உன்னை இன்னிக்கே, இந்த நிமிஷமே பேரவையிலேர்ந்து..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. பேசிக்கொண்டே திரும்பியவர் கரைப் பக்கம் பார்த்துவிட்டார்.

அங்கே வழி என்று ஒன்று இல்லை. வந்த தடம், சேறு, ஓடை எதுவும் இல்லை. கரை வரைக்கும் தகரம் விரித்தது போல ஒரே தண்ணீர். ஓடை இருந்த இடத்தில் மட்டும் அது வேகமாக, சுழித்துக்கொண்டு, சாணம் கரைத்த மாதிரி பழுப்பாக ஓடியது. திட்டு ஒரு கட்டில் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அவர்கள் படுத்திருந்த பாய் மெல்ல மிதந்து கிளம்பியது.

"மணி ஒன்பதரைதானே ஆகுது," என்றார் தலைவர். அந்தக் குரல் யாருடையது என்று ஸ்டுடியோக்காரருக்குச் சந்தேகமாக இருந்தது. "பதினொண்ணு இருபதுன்னு... எழுதியிருக்கே..."

"அது முழுக்க ஏறி முடியற நேரம் மச்சான். கிளம்பற நேரம் இல்லை."

"நீ ஏன் சொல்லலை?"

இதற்குப் பதில் சொல்ல, கல்யாண நாளிலிருந்து தொடங்கும் ஒரு கதை அவரிடம் இருந்தது. நேரம் இல்லை. "காலணியைக் கழட்டுங்க."

"எனக்கு நீச்சல் தெரியாதுடா."

"எனக்கும் தெரியாது. கழட்டுங்க."

தலைவர் அசையவில்லை. இரண்டு கையாலும் லென்ஸைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் ஸ்டுடியோக்காரருக்கு விளங்கியது. இந்த மனிதர் வாழ்க்கையில் பயந்ததே இல்லை. முதல் தடவை. எப்படிப் பயப்படுவது என்றே தெரியவில்லை. புதுச் செருப்பு போட்டவன் போலப் பயத்துக்குள் நின்று தடுமாறினார். ஸ்டுடியோக்காரருக்கு இதில் ஐம்பது வருஷ அனுபவம். கை உதறும், உதறட்டும். நாக்கு ஒட்டும், ஒட்டட்டும். அதோடேயே சாவியைத் திருப்பவும், மாடிப்படி இறங்கவும், நாய் இருக்கும் தெருவில் நடக்கவும் அவர் பழகியிருந்தார். அவர் குனிந்து, உதறும் கையாலேயே தலைவரின் காலணி வாரை அவிழ்த்தார். சேற்றிலிருந்து காலைப் பிடுங்கினார். பதினெட்டுப் பைச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றினார், குழந்தைக்குக் கழற்றுவது போல.

"இது வேணும்டா."

"தண்ணி ரொம்பினா இழுக்கும் மச்சான். விடுங்க."

கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. மட்டி பொறுக்கும் பெண், வீட்டுக்குப் போகாமல் நின்றிருக்கிறாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினாள்.

"நேரா இறங்காதீங்க! நடுவுல ஆளை மூடும்! இடது பக்கம் வாங்க... இடது பக்கம்! கீழ சிப்பித் திட்டு இருக்கு! கால்ல குத்தும்! குத்துற இடமாப் பார்த்து வாங்க! குத்தலைன்னா நின்னுடுங்க!"

தம் கேமராவைத் திட்டிலேயே விட்டுவிட்டு, முக்காலியின் கால்களை நீட்டி, முன்னால் ஊன்றி, ஸ்டுடியோக்காரர் இறங்கினார். மற்ற கையில் தலைவரின் மணிக்கட்டு. தண்ணீர் முழங்கால். தொடை. இடுப்பு. குளிர் நெஞ்சுக்குள் ஏறி மூச்சைப் பிடித்தது. காலடியில் வழுவழுவென்று சேறு; குத்தவில்லை. நின்றார். இடது பக்கம் துழாவினார். சுருக்கென்று பாதத்தில் ஏதோ கிழித்தது. உயிர் போகிற வலி. "இருக்கு மச்சான்! இங்க இருக்கு! கால் குத்துதா?"

"குத்துதுடா!"

"நல்லது! வாங்க!"

ஒவ்வோர் அடிக்கும் அதே கேள்வி. குத்துதா? குத்துது. குத்துதா? இல்லை. "அப்ப வைக்காதீங்க, எடுங்க, எடுங்க!" ஓடை நடுவில் தண்ணீர் மார்புக்கு வந்தது. இழுப்பு பக்கவாட்டில் தள்ளியது, கூட்டத்தில் யாரோ விடாமல் இடிப்பது மாதிரி. தலைவர் லென்ஸைத் தலைமேல் தூக்கிப் பிடித்திருந்தார், வெள்ளத்தில் பிள்ளையைத் தூக்கி வருகிறவர் போல. திடீரென்று அவர் ஒரு பக்கமாகச் சரிந்தார். முகம் தண்ணீருக்குள் போய் வெளியே வந்தது. கையிலிருந்து நழுவிய லென்ஸ் மிதக்கவில்லை.

"கார்டு! மாப்ளே, மெமரி கார்டு அதுலதான்! ஆறும் அதுலதான் இருக்கு!"

"காலைப் பாருங்க!"

"ஆறுடா! ஆறு!"

"கால் குத்துதா, இல்லையா?"

தலைவர் இருமினார், துப்பினார், அவருடைய தோளை இரண்டு கையாலும் கவ்விக்கொண்டார். நகம் சதைக்குள் இறங்கியது. "குத்துது," என்றார். "குத்துது மாப்ளே. விட்டுடாதே."

ஸ்டுடியோக்காரருக்கு அழுகை வந்தது. முக்காலியின் ஒரு கால் எங்கோ கழன்று போயிருந்தது. கரை கிட்டே வருகிறதா, தூரம் போகிறதா என்றே தெரியவில்லை. அந்தப் பெண்ணின் குரலை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இடது. இன்னும் இடது. அங்க நில்லுங்க. ம், இப்ப வாங்க. தண்ணீர் மார்பிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. வயிற்றிலிருந்து தொடைக்கு. கடைசியில் அவளே முழங்கால் தண்ணீரில் இறங்கிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

இரண்டு பேரும் நாலு காலில் ஊர்ந்து மேட்டில் ஏறி விழுந்தார்கள். பாதங்களிலிருந்து ரத்தம் வழிந்தது.

"அண்ணே, காலைக் காட்டுங்க. கழுவணும்."

"காட்டறேன். நான் பார்க்கமாட்டேன். எனக்கு ரத்தம்னா ஆகாது."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே பாட்டிலில் இருந்த நல்ல தண்ணீரை ஊற்றினாள். "பெரியவர் என்ன, பேசமாட்டேங்கறார்? வரும்போது என்னமா பேசினார்!"

தலைவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். நோட்டு இல்லை, பைகள் இல்லை, காலணி இல்லை. தலைமுடி நெற்றியில் ஒட்டி, யாரோ ஒரு வயசான ஆள் மாதிரி இருந்தார். அவருடைய பல்லோடு பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஸ்டுடியோக்காரரின் மணிக்கட்டை அவர் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. உறைக்குள் உயிரோடுதான் இருந்தது. ஸ்டுடியோக்காரர் எடுத்தார்.

"என்னங்க, ஒரு மாத்திரை விஷயம் கேட்டா பதிலே இல்லை? எங்க இருக்கீங்க?"

"கரையில."

"குரல் ஏன் இப்படி இருக்கு?"

"ஓதத்துல மாட்டிக்கிட்டோம். ஓடையைத் தாண்டித்தான் வந்தோம். இப்ப பயமில்லை." கொஞ்சம் யோசித்துவிட்டுத் திருத்தினார். "இல்லை, பயமா இருக்கு. ஆனா கரையிலதான் இருக்கோம். ரெண்டு பேருக்கும் மாத்துத்துணி எடுத்துக்கிட்டு ஆட்டோவுல வா."

அந்தப் பக்கம் அவள் எழுந்து செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு அவள், "அண்ணன்?" என்றாள்.

தலைவர் கையை நீட்டி போனை வாங்கினார். தொண்டையைச் செருமினார். முதுகை நிமிர்த்தினார். ஆண்டறிக்கை வாசிக்கத் தொடங்கும்போது இழுக்கும் அந்தக் கனத்த மூச்சை உள்ளே இழுத்தார். வாயைத் திறந்தார், தலைவர் குரல் வரவில்லை. மறுபடி முயன்றார். உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"பயந்துட்டேன்டி," என்றார். "ரொம்பப் பயந்துட்டேன்."

ஸ்டுடியோக்காரர் அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்தவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது அவர் எப்போதும் அப்படித்தான், விளக்கைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொள்வார். ஆனால் இந்தப் பக்கம் இருந்தது தண்ணீர். திட்டு இருந்த இடமே தெரியவில்லை. பழுப்பு நீர் அமைதியாக, ஒன்றுமே நடக்காதது போல, கரையை நக்கிக்கொண்டிருந்தது. சற்று முன் அவர் கை ஊன்றிய கல் ஒன்று இப்போது பாதி முழுகியிருந்தது.

"ஏம்மா, இது இதுவரைக்கும் ஏறுமா?"

"ஏறாதுங்க."

"நிச்சயமா?"

"நான் பொறந்ததுலேர்ந்து பார்க்கறேன். இந்த மேட்டுக்கு வராது."

ஸ்டுடியோக்காரர் தலையாட்டினார். அவள் சொன்னதை முழுசாக நம்பினார். நம்பிவிட்டு எழுந்து, கிழிந்த பாதத்தைக் கெந்திக் கெந்தி வைத்து, மேட்டின் மேலே இன்னும் இருபதடி ஏறிப் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னாலேயே, போனைக் காதில் வைத்து அழுதுகொண்டே, தலைவரும் கெந்திக்கொண்டு வந்தார். வந்து, உட்காராமல் நின்று, தண்ணீரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"மாப்ளே," என்றார். "இன்னும் கொஞ்சம் மேல போயிடலாமா?"